பவுடர் கோட்டிங் என்று சொல்லி சாதாரண எனாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்: 28,500 ரூபாய் போச்சு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது பழைய இரும்பு கிச்சன் கப்போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நேற்றுதான் கடைசியாகக் கைவிரித்தார்கள். 28,500 ரூபாய். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். கப்போர்டு மாமனார் காலத்தில் செய்தது, நல்ல கனமான தகடு. சிங்க் பக்கம் கீழ் விளிம்பில் மட்டும் துரு. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன்.

வந்த பையன் பையிலிருந்து ஒரு சாம்பிள் தகட்டை எடுத்து, எங்கள் வீட்டுச் சாவியாலேயே கீறச் சொன்னான். அத்தை அழுத்திக் கீறினார். கோடுகூட விழவில்லை. “கதவெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போய், பழைய பெயிண்டை உரிச்சு, துருவை எடுத்து, பவுடர் கோட்டிங் போட்டு ஓவன்ல வெச்சுடுவோம்மா. பத்து வருஷத்துக்குக் கவலையே வேணாம். சுவத்துல இருக்கற ஃபிரேமுக்கு மட்டும் இங்கயே ஸ்ப்ரே” என்றான். கதவுக்குக் கதவு சாக்பீஸில் நம்பர் போட்டு, கீறல் படாமல் நடுவில் பழைய வேட்டியை மடித்து வைத்து அடுக்கினான். அந்தப் பக்குவத்தைப் பார்த்துத்தான் நம்பினோம். கதவு வண்டியில் ஏறுமுன் முழுப் பணமும் கட்ட வேண்டும் என்றார்கள், 28,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன்.

கதவுகள் பளபளவென்றுதான் திரும்பி வந்தன. கொஞ்ச நாளிலேயே இட்லிப் பானைக்கு நேர் மேலே இருக்கும் கதவில் கொப்புளம். நகத்தால் தொட்டேன், வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அடியில் அதே பழைய பச்சை பெயிண்ட், அதன் மேல் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு. சோடா போட்டுக்கூடக் கழுவவில்லை, பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமரும் இல்லை. கீல் ஓரத்தில் பிரஷ் முடி ஒன்று பெயிண்டோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. பவுடர் கோட்டிங் என்றால் பெயிண்ட் பொடியைத் தூவி, ஓவன் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது; அதில் பிரஷுக்கு என்ன வேலை? அதைவிடப் பெரிய சாட்சி, கதவு தட்டாமல் இருக்க உள்பக்கம் வைத்திருந்த பிளாஸ்டிக் புஷ். பவுடர் உருகிப் பிடிக்க ஓவனில் பொதுவாக 180 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் இருந்திருந்தால் புஷ் பெரும்பாலும் இளகியிருக்கும். அது அப்படியே முழுசாக இருக்கிறது, அதன் மேலேயும் பெயிண்ட்!

ஃபிரேமை வேறு சமையலறையிலேயே உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டில் என்ன இருந்ததோ, அந்தத் தூசி அரிசி டிரம் மேல் படிந்து கிடந்தது. குழந்தை இருக்கும் வீடு இது.

பையனுக்குப் போன் செய்தால், “ஸ்டீம் பட்டா அப்படித்தான் மேடம், ஆப்ல கேளுங்க.” ஆப்பில் கேட்டால், “வேலை முடிந்ததாக ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், வாரண்டி, வேலை செய்த பார்ட்னரின் பொறுப்பு.” மறுபடி பையனைக் கூப்பிட்டால் நம்பர் பிளாக். படம் அனுப்பினேன், ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? 28,500 ரூபாய் அவர்களிடம், உரிகிற கதவு என்னிடம்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. பவுடர் கோட்டிங் என்றால் பட்டறைக்கு நேரில் போய் ஓவனைப் பாருங்கள். பழைய பெயிண்டை உரித்து வெறும் தகடாக இருக்கும்போது போட்டோ கேளுங்கள். முழுப் பணமும் முன்னாடியே கொடுக்காதீர்கள். நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றி பில்லோடு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.