மினியாபொலிஸில் 12 குளிர்காலம்: குடிவர நினைப்பவர்களுக்கு

என் சித்தி மகனுக்குப் போன மாதம், அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா மாநிலத்தில் நாங்கள் இருக்கும் மினியாபொலிஸில் வேலை கிடைத்தது. "அக்கா, அங்கே வரலாமா வேண்டாமா?" என்று டெக்சாஸிலிருந்து ஃபோனில் கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் சொல்லி முடியவில்லை. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் இங்கே வந்தது 2013 செப்டம்பரில். முதல் மூன்று வருடம் டவுன்டவுனை ஒட்டிய லோரிங் பார்க் பக்கம் வாடகை வீடு. அப்புறம் தெற்கே நோகோமிஸ் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம்.

தம்பி கேட்டதெல்லாம் குளிரைப் பற்றித்தான். குளிருக்கு வேண்டிய சாமான் கடையில் கிடைக்கும். இந்த ஊரில் மனதை வாட்டுவது ஆள் பழக்கம் இல்லாமை. இங்கிருந்து கிளம்பிப் போன நண்பர்கள் பலரும் குளிரைத்தான் காரணமாகச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேசினால், "நாலு வருஷத்தில் ஒருத்தர் எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை" என்பதில் வந்து நிற்பார்கள்.

முதலில் குளிரையே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், 2014 ஜனவரி 6 அன்று, மினசோட்டா ஆளுநர் மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார். பனிப்புயல் எதுவும் இல்லை, வெறும் குளிருக்காகவே விடுமுறை. 2019 ஜனவரி 30 அன்று காலை விமான நிலையத்தில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 33 செல்சியஸ். வெளியே போய் மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஈரம் உறைவது தெரியும். ஆனால் அப்படிப்பட்ட நாள்கள் வருடத்தில் சிலதான். சாதாரண ஜனவரி நாளில் பகலில் மைனஸ் 5, இரவில் மைனஸ் 13 செல்சியஸை ஒட்டி இருக்கும். அதற்கு உடம்பு பழகிவிடும். பழக நாளாவது குளிர்காலத்தின் நீளம்தான். நவம்பரில் தொடங்கினால் சில வருடம் ஏப்ரலிலும் பனி கொட்டும்.

ஒரே ஒரு குளிர்காலத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2022-23இல் 90 அங்குலப் பனி விழுந்தது. பனியை வாரிக் கொட்ட வாசலோரத்தில் இடமே இல்லை. அதற்கு அடுத்த குளிர்காலம் இந்த ஊரின் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. ஏரி ஐஸ் மேல் நடக்கலாம் என்று காத்திருந்த என் மகள் மார்ச் வரை ஏமாந்தாள்.

என்னை அதிகம் படுத்தியது இருட்டு. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் நடுராத்திரி மாதிரி இருக்கும். இரண்டாவது வருடம் டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் இருபது நிமிடம் வெளியே நடக்கச் சொன்னார். மாத்திரையைவிட அந்த நடை எனக்கு அதிகம் உதவியது.

துணிமணிக்கு ஒரு வார்த்தை. முதல் வருடம் அழகான கம்பளிக் கோட்டு ஒன்றுக்கு நிறையச் செலவழித்தேன். காற்று அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கு மேல் முழங்கால் வரை இறங்கும் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, விரல்களைச் சேர்த்து மூடும் மிட்டன் நல்லது. மினசோட்டாவில் உடுப்புக்கு விற்பனை வரி கிடையாது. எனவே வேறு மாநிலத்திலிருந்து வாங்கிச் சுமந்து வராமல் இங்கே வந்து வாங்குங்கள்.

தெருவில் கார் நிறுத்துகிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி இது. நல்ல பனி விழுந்தால் நகரம் 'ஸ்நோ எமர்ஜென்சி' அறிவிக்கும். முதல் நாள் இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 வரை, அதற்கென்று குறித்த முக்கியச் சாலைகளில் இரண்டு பக்கமும் வண்டி நிற்கக் கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் மற்ற தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் உள்ள பக்கம் காலியாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம். எங்களுக்கு இது தெரியாது. அந்த முதல் டிசம்பரில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் சுத்தமாக வழித்த தார்ச்சாலை மட்டும் இருந்தது. அபராதம், இழுத்துப்போன கூலி, அரை நாள் வேலை எல்லாம் போயின. வந்த அன்றே நகரத்தின் அறிவிப்பு ஃபோனுக்கு வருகிற மாதிரி பதிவு செய்துவிடுங்கள்.

வீடு வாங்குவதானால் இந்த ஊரில் இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒன்று ரேடான். மண்ணிலிருந்து வரும் வாயு, நிறமோ வாசனையோ கிடையாது, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். மினசோட்டாவில் சோதித்த வீடுகளில் ஐந்துக்கு இரண்டில் அளவு அதிகம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்கிறது. 2014 முதல், வீட்டை விற்பவர் ரேடான் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பேஸ்மென்டில் சோதித்தபோது அதிகமாகத்தான் வந்தது. குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்த பிறகே குடியேறினோம்.

இன்னொன்று 'ஐஸ் டேம்'. வீட்டுச் சூடு கூரை வழியாகக் கசிந்தால் மேலே இருக்கும் பனி உருகி இறங்கும். கூரையின் ஓரம் குளிர்ந்திருப்பதால் அங்கே வந்து மறுபடி உறையும். அது அணை மாதிரி நின்றுகொள்ள, பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்கும். ஜன்னலுக்கு மேலே ஓரங்களில் பழுப்புக் கறை தெரிந்தால் கேளுங்கள். கூரைக்கு அடியில் இன்சுலேஷன் எவ்வளவு என்று கேளுங்கள். புதுச் சமையலறையைக் காட்டி விற்கிற வீட்டைவிட இன்சுலேஷன் சரியாகப் போட்ட வீடு மேல். எங்கள் பக்கம் விமானச் சத்தமும் உண்டு. கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சில மாலைகளில் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்கள் சத்தம் இல்லாத ஒரு ஞாயிறு காலையில் வந்து பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அப்புறம் ஏன் இன்னும் இங்கே இருக்கிறோம்? ஏரிகளுக்காக. ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 'ம்னி' என்றால் டகோட்டா மொழியில் தண்ணீர், 'போலிஸ்' கிரேக்கத்தில் நகரம். நகர எல்லைக்குள் 22 ஏரிகள். மற்ற ஊர்களில் ஏரிக்கரை பணக்கார வீடுகளின் கொல்லைப்புறமாகிவிடும். இங்கே கரை பொதுமக்களுடையது. 1883இல் பூங்காக்களுக்கென்று தனி வாரியம் அமைத்து, கரை நிலத்தை அப்போதே வாங்கத் தொடங்கினார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் இன்று நான் ஹேரியட் ஏரியையோ ப்டே மக்கா ஸ்கா ஏரியையோ யாருடைய வேலியும் குறுக்கே வராமல் முழுதாகச் சுற்றி வர முடிகிறது. பேருந்து ஓட்டுநரும் வங்கி அதிகாரியும் ஒரே கரையில் நடக்கிறார்கள். என் அம்மா கோடையில் வந்திருந்தபோது நோகோமிஸ் கரையில் தினமும் காலையில் உட்காருவார். "நம்ம ஊர்க் கண்மாய்க் கரை மாதிரி இருக்குடி, ஆனா யாரும் ஆக்கிரமிக்கல" என்றார்.

குளிர்காலத்திலும் ஏரி தூங்காது. ஜனவரியில் ஐஸ் மேல் குடிசை போட்டு, துளையிட்டு மீன் பிடிப்பார்கள். பூங்கா மைதானங்களில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்துச் சறுக்குத் தளம் ஆக்குவார்கள். 53 அடி மின்னஹஹா அருவி உறைந்து நீலமாகத் தொங்கும். என் மகள் மூன்று வயதில் ஸ்கேட் கற்றாள். நான் முப்பத்தாறில் கற்றேன். என்னோடு வேலை பார்த்த ஹைதராபாத் குடும்பம் நவம்பர் முதல் மார்ச் வரை பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. ஐந்தாவது வருடம் டல்லாஸுக்குப் போய்விட்டார்கள். அங்கே நிம்மதியாக இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

டவுன்டவுனில் வேலை என்றால் ஸ்கைவே பழகிவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் தரைத்தளத்துக்கு அடுத்த மாடியில் கண்ணாடிப் பாலங்கள், மொத்தம் ஒன்பது மைலுக்கு மேல் நீளும். லோரிங் பார்க்கில் இருந்தபோது அதில்தான் அலுவலகம் போய் வந்தேன். 2020க்குப் பிறகு அலுவலகங்களில் கூட்டம் குறைந்து அங்கே கடைகள் பல மூடிவிட்டன. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்தக் கலகலப்பை எதிர்பார்த்து வர வேண்டாம்.

2020 என்று சொன்னதால் அதையும் பேச வேண்டும். மே 25 அன்று கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டைக் காவலர் கொன்ற 38ஆம் தெரு-சிகாகோ அவென்யூ சந்திப்பு எங்கள் வீட்டிலிருந்து காரில் சில நிமிடம்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் அந்த வாரம் லேக் ஸ்ட்ரீட்டில் நாங்கள் காய்கறி வாங்கும் கடை உட்பட வரிசையாக எரிந்தன. இரவில் தெருவாசிகள் முறை வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். காலையில் துடைப்பமும் குப்பைப் பையும் எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் லேக் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். "பாதுகாப்பான ஏரியா எது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். இந்த ஊரில் 1910 முதல் பல வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். எது நல்ல ஏரியா, எது இல்லை என்று இன்று நமக்குச் சொல்லப்படும் கோடுகளில் பல அந்த வரைபடத்தில் இருக்கின்றன. வீடு தேடும் முன் ஒருமுறை அதைப் பாருங்கள். எனக்கு அதற்குப் பிறகு, பாதுகாப்பில்லாத பகுதி என்று பலர் சொல்லும் வடக்கு மினியாபொலிஸைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்ப முடியவில்லை.

வேலை வாய்ப்பு, பள்ளி, கோயில் எல்லாம் உண்டு. டார்கெட், யு.எஸ். பேங்க் தலைமையகங்கள் டவுன்டவுனில். சுற்றுவட்டாரத்தில் மெட்ரானிக், 3எம் போல இன்னும் பல நிறுவனங்கள். மாநில வருமான வரி அதிகம், டெக்சாஸில் அது இல்லவே இல்லை, தம்பி அதைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் ஈடன் ப்ரெய்ரி, ப்ளிமத், மேப்பிள் க்ரோவ் போன்ற புறநகரில் இருக்கிறார்கள். மேப்பிள் க்ரோவில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் உண்டு. கறிவேப்பிலைச் செடி மே முதல் செப்டம்பர் வரை வெளியே, மற்ற மாதம் தெற்கு ஜன்னலில்.

இனி ஆள் பழக்கம். 'மினசோட்டா நைஸ்' என்று ஒரு சொல் கேள்விப்படுவீர்கள். வண்டி பனியில் சிக்கினால் முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து தள்ளிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். அந்த நல்ல மனம் உண்மையானது. ஆனால் அது வாசற்படியோடு நின்றுவிடும். "இவர்கள் எங்கே போகவும் வழி சொல்வார்கள், தங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்" என்று வெளியூர்க்காரர்கள் இங்கே சொல்வது வழக்கம். இங்கேயே பிறந்தவர்களுக்கு நர்சரி நாள் முதல் அதே நண்பர்கள், அதே சொந்தம், வார இறுதியானால் வடக்கே குடும்பத்தின் ஏரி வீடு. நம்மை வேண்டாம் என்று தள்ளுவதில்லை, அவர்கள் நாளில் இடம் காலியாக இல்லை. இது எனக்குப் புரிய நாலு வருடம் ஆயிற்று. அதுவரை என்னிடம்தான் குறை என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

மாறியது பனி வாரும்போது. பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையை வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகரச் சட்டம். அதனால் பனி விழுந்த மறுநாள் காலை தெருவே வாசலில் நிற்கும். எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். ஒரு நாள் என் வாசலை முடித்துவிட்டு அவர் வாசலையும் வாரினேன். அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. தட்டை வெறுமனே திருப்பித் தர மனம் வரவில்லை. கேசரி வைத்துக் கொடுத்தேன். அந்தத் தட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்தது. ஏப்ரலில் அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருந்தது.

"வெயில் ஊர்க்காரர்களுக்கு அக்கம்பக்கம் தேவைப்படாதோ என்னவோ, எங்களுக்குத் தேவைப்படும்" என்று அவர் ஒருமுறை சொன்னார். எங்கள் ஊரும் வெயில் ஊர்தான், அங்கேயும் தேவைப்படும் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். போன வருடம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இருந்த வீட்டில் இப்போது சிகாகோவிலிருந்து வந்த இளம் தம்பதி. அங்கே ஃப்ளாட்கூட வாங்க முடியாத பணத்துக்கு இங்கே தோட்டத்தோடு வீடு கிடைத்தது என்று ரொம்ப சந்தோஷம் அவர்களுக்கு. வந்து எட்டு மாதம் ஆகிறது, தெருவில் வேறு யாரையும் தெரியாது என்கிறார்கள்.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது தேதி. முடிந்தால் ஜூலைக்குள் குடிவந்துவிடு. ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை 'நேஷனல் நைட் அவுட்'. அன்று மாலை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்து மூடிவிட்டு, நடுவில் மேசை போட்டு, ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து சாப்பிடுவார்கள். வருடம் முழுக்கத் தலையசைப்போடு நிற்கிறவர்கள் அன்று உட்கார்ந்து பேசுவார்கள். யாரும் தனியாக வந்து அழைக்க மாட்டார்கள், கதவில் ஒரு தாள் செருகியிருக்கும். நீயாகப் போக வேண்டும். பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை சாதம் செய்துகொண்டு போ, காரம் குறைவாக. அந்தச் சிகாகோ தம்பதியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.