திருகோணமலையில் பழைய கிற்றார் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் கவனிக்கவும்

வீட்டில் பழைய கிற்றார் ஒன்றை வைத்துக்கொண்டு இதைத் திருத்துவமா, விடுவமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் அப்பாவின் கிற்றாரைக் கொடுத்தோம். கழுத்தைக் கழற்றிச் சரியான சாய்வில் திரும்பப் பூட்டித் தருவதாகச் சொல்லி 35,000 ரூபா வாங்கினார். கழுத்தை அவர் கழற்றவே இல்லை. அதற்குப் பதிலாகச் செய்த வேலை கிற்றாரைக் கொடுத்ததைவிட மோசமாக்கிவிட்டது, அதில் சிலவற்றை இனி யாராலும் திருப்ப முடியாது.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் வீடுகளில் பைலாவுக்கு வாசித்தது, நத்தார் கரோலுக்குத் தூக்கிக்கொண்டு போனது, கப்பல் வேலைக்குப் போனவர்கள் கொண்டு வந்தது, வெளிநாட்டில் இருக்கிற மாமா விட்டுப் போனது என்று இந்த ஊரில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளுக்கு மேல் பழைய கிற்றார்கள் கிடக்கின்றன. பிள்ளைகள் பழகக் கேட்கும்போதுதான் அவற்றை இறக்கித் தூசு தட்டுகிறோம்.

அப்பாவினுடையது யமஹா எஃப்ஜி 180. எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலில் வேலை செய்தபோது ஜப்பானில் வாங்கியது. உள்ளே சிவப்பு லேபல், அதில் நிப்பொன் கக்கி என்ற பெயர். யமஹா நிறுவனத்தின் அப்போதைய பெயர் அதுதான், 1987 இல்தான் யமஹா கோப்பரேஷன் என்று மாற்றினார்கள். 1966 இல் தொடங்கிய எஃப்ஜி வரிசையின் இந்தச் சிவப்பு லேபல் கிற்றார்களை இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்பலகை முழு மரம் அல்ல, ஸ்புரூஸ் ஒட்டுப்பலகை. அதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மார்கழி மழையில் சுவரே வியர்க்கிற, ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் கதவு நிலையே வெடிக்கிற இந்த ஊரில் அந்த மேல்பலகை வெடிப்பில்லாமல் இவ்வளவு காலம் நின்றதற்கு அந்த ஒட்டுப்பலகையும் ஒரு காரணம்.

பிரச்சினை கழுத்தில் இருந்தது. சாதாரண லைட் கம்பிகள் ஆறையும் சுருதிக்கு ஏற்றினால் எழுபது கிலோவுக்கு மேல் இழுவை வரும். அந்த இழுவை வருடக்கணக்கில் நின்றால் கழுத்துச் சேரும் இடம் மெல்ல மெல்ல முன்னுக்குச் சாயும், மேல்பலகை பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் அடி பூட்டியிருக்கிற கட்டைக்கு, பின்னால் கொஞ்சம் புடைக்கும், கம்பி ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டையை) விட்டு உயரும். எங்களுடையதில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் இடைவெளி. வழக்கமாக அது தடித்த கம்பிப் பக்கம் இரண்டரைக்குக் கிட்ட இருக்க வேண்டும். கோயில் பாடகர் குழுவில் வாசிக்க ஆசைப்பட்டுப் பழகத் தொடங்கிய என் மகளின் விரல் நுனி சிவந்து, எஃப் கோர்ட் பிடிக்கவே முடியாமல் அழுதாள். ஹீல் பக்கத்தில், அதாவது கழுத்து உடலோடு சேருகிற அடிக்கட்டையில், மயிரிழை அளவுக்கு ஒரு பிளவும் தெரிந்தது.

அந்த மனிதரிடம் இதையெல்லாம் காட்டித்தான் கொடுத்தோம். கிற்றாரைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக் கழுத்து வழியே பார்த்துவிட்டு, "தம்பி, உது நெக் ரீசெட். கழட்டித்தான் பூட்ட வேணும். நான் எத்தினை செய்திருக்கிறன், யோசிக்காம விட்டிட்டுப் போங்கோ, புதுசு மாதிரித் தாறன்" என்றார். நோய் என்ன என்று சரியாகவே சொன்னார். அதனால்தான் நம்பினோம். பாதிக் காசு முன்பணம். பிறகு அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்தார், ஒரு கட்டத்தில் ஃபோன் எடுப்பதையும் விட்டார், நேரில் போனால் "பசை காயுது தம்பி" என்றார். மாதங்கள் போயின. கடைசியில் பொலிஷுக்கு என்று மேலதிகமாகக் காசு கேட்டுத்தான் கிற்றாரைத் தந்தார். பொலிஷ் அடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா முதலில் பார்த்தது தலைப்பக்கம். "சாவியள் எங்க?" என்றார். கம்பி முறுக்கும் பழைய சாவிகள் ஆறும் இல்லை. புதுசாக, பளபளவென்று, தகரம் போல மெல்லிய சாவிகள் பூட்டியிருந்தன, அவற்றின் திருகாணி பழைய துளைகளுக்குப் பொருந்தாததால் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு, பழைய துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார். பழைய சாவிகள் கொஞ்சம் கறுத்திருந்தாலும் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தவை. கொடுக்கும் முன் ஃபோனில் எடுத்த படங்கள் எங்களிடம் இருக்கின்றன.

பிறகு பிரிட்ஜைப் பார்த்தோம். ஒன்பது பத்து மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டிய கட்டையை ஐந்துக்குக் கிட்ட அராவியிருக்கிறார். பொலிஷுக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் அரத்தின் கோடுகள் அப்படியே தெரிகின்றன, விரலால் தடவினால் படுகிறது. பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்குகிற சாடில் வெள்ளைக் கோடு மாதிரி மட்டும் வெளியே நிற்கிறது, கம்பி தன்னைப் பிடித்திருக்கிற பின் ஆணியை விட்டு வந்து கிட்டத்தட்ட மரத்திலேயே படுத்திருக்கிறது. ஹீலில் பெல்ட் மாட்டும் குமிழுக்குக் கீழே இரண்டு வட்டமாகப் புட்டி. ஃபோன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தால் கழுத்துக் கட்டையைத் துளைத்துக்கொண்டு வந்த திருகாணியின் கூர் தெரிகிறது, அதைச் சுற்றி மஞ்சளாக வழிந்து காய்ந்த எப்பொக்சிப் பசை. மேல்பலகை முழுக்கத் தளபாடத்துக்கு அடிக்கிற தடித்த லக்கர். வாசித்துப் பார்த்தால் கம்பி தாழ்ந்துதான் இருக்கிறது, ஆனால் சத்தம் வெளியே வரவில்லை.

ஏன் அப்படிச் செய்தார் என்பதைக் கொழும்பில் கிற்றார் செய்கிற ஒருவருக்குப் படங்களை அனுப்பிக் கேட்டோம். அவர் சொன்ன கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீற்றர் குறைக்கச் சாடிலில் 2 மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். எங்களுடையதில் இரண்டுக்கு மேல் குறைக்க வேண்டும் என்றால் சாடிலில் நாலு, ஐந்து போக வேண்டும். அவ்வளவு சாடில் அங்கே இல்லை. அதனால் பிரிட்ஜையே அராவிக் கம்பியை இறக்கியிருக்கிறார். கம்பி சாடிலுக்கு மேலால் ஏறி மடியும் கோணம்தான் அதிர்வை மேல்பலகைக்குள் அழுத்தமாக இறக்குவது, அந்தக் கோணம் போனால் சத்தமும் போகும். பிளவை மறைக்க எப்பொக்சியும் திருகாணியும். கழுத்து மூட்டை நீராவி கொடுத்துக் கழற்றுவார்கள், ஃபிரெட் ஒன்றை எடுத்து அதன் கீழே துளையிட்டு நீராவியை உள்ளே விடுவார்கள். பழைய காலத்து விலங்குப் பசை அதற்கு இளகிவிடும், அந்தக் கால யமஹா மூட்டு சாதாரணமாகவே கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும் என்கிறார்கள். அதற்கு மேல் எப்பொக்சியும் இரும்பும் போட்டால் அடுத்ததாகத் திருத்த வருகிறவன் ஹீலையே உடைக்காமல் கழற்றுவது பெரும்பாடு. இதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லித் திருப்பித் தந்திருந்தால் கிற்றார் இன்றைக்கும் திருத்தக்கூடிய நிலையில் இருந்திருக்கும்.

திரும்பப் போய்க் கேட்டோம். "பழைய சாவி துரு, எறிஞ்சிட்டன். இது பிளைவூட் கிற்றார்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பாக்கிறீங்களே?" என்றார். காசைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். பிளைவூட்டோ என்னவோ, இன்னொருவருடைய சாமானைக் கழற்றி எறிய அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

சரி, உங்கள் கிற்றாருக்கு வருவோம். கடைக்குக் கொண்டுபோக முன் வீட்டிலேயே நோயைப் பாருங்கள், பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கம்பியைச் சுருதிக்கு ஏற்றிவிட்டு, நேரான நீளமான அடிமட்டத்தை ஃபிரெட்டுகளின் மேல் நடுவாக வைத்துப் பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். நுனி பிரிட்ஜின் மேல்முகத்தை உரசிக்கொண்டு போனால் கழுத்தின் சாய்வு சரி. பிரிட்ஜின் முன்பக்கத்தில் போய் முட்டினால் சாய்வு குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் கழுத்து வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினாலாவது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அமத்திப் பிடித்தால் ஏழாவது ஃபிரெட்டில் தபாலட்டைத் தடிப்புக்கு இடைவெளி இருக்கலாம். அதைவிட நிறைய இருந்தால் அது ட்ரஸ் ரொட் (கழுத்துக்குள் ஓடுகிற, வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கோல்) வேலை, உங்கள் கிற்றாரில் முறுக்கக்கூடிய ட்ரஸ் ரொட் இருந்தால் மிகச் சின்ன வேலை. ட்ரஸ் ரொட்டை முறுக்கிக் கழுத்தின் சாய்வைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அது முடியாத காரியம்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்புகிறது. அதைக் கழற்றி ஒட்ட வேண்டும், சுற்றிவரப் பசை ஊற்றி அமத்துவது வேலை அல்ல. மேல்பலகையை விரல் மொழியால் தட்டிக்கொண்டே போங்கள், எங்கேயாவது கிர்ரென்று கேட்டால் மேல்பலகையை உள்ளே தாங்குகிற பிரேஸ் கட்டை ஒன்று விட்டிருக்கலாம். பல் வைத்தியர் பாவிக்கிற சின்னக் கண்ணாடியும் ஒரு டோர்ச்சும் இருந்தால் உள்ளே முழுவதையும் பார்க்கலாம். பிரிட்ஜுக்குப் பின்னால் இலேசான புடைப்பு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், கம்பி இழுக்கிற எந்தக் கிற்றாரிலும் அது கொஞ்சம் இருக்கும்.

திருத்துவது பெறுமதியா என்று கேட்டால், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டில் ஒழுங்கான நெக் ரீசெட்டுக்குச் சில நூறு டொலர் வாங்குகிறார்கள், எங்களுடையது மாதிரிக் கிற்றாரின் விற்பனை விலையும் ஏறக்குறைய அந்த அளவுதான். காசுக்கணக்கில் பார்த்தால் கட்டாது. கிப்சன், மார்ட்டின் மாதிரி விலை கூடிய கிற்றார் என்றால் கணக்கு வேறு, கட்டாயம் செய்ய வேண்டும், அதுவும் அதே வேலையைச் செய்து பழகியவரிடம் மட்டும். எங்களுக்கு இது அப்பாவின் கிற்றார் என்பதால் செய்ய நினைத்தோம், அந்தக் காரணம் போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரியான ஆள் கிடைக்கும் வரை ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதும் ஒரு நல்ல முடிவு. மெல்லிய கம்பி போட்டு, ஒரு முழுச் சுரம் கீழே சுருதி இறக்கி வையுங்கள். சுருதி இறக்குவதால் மட்டுமே இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டாவது ஃபிரெட்டில் கப்போ (கம்பிகள் ஆறையும் ஒன்றாக அமத்துகிற கிளிப்) போட்டால் பழைய சுருதியே வந்துவிடும், கம்பியும் கொஞ்சம் தாழும், பிள்ளைகள் பழகலாம். வெயில் படுகிற சுவரில் கொழுவாதீர்கள். கச்சான் காலத்தில் பெட்டிக்குள் மூடி வையுங்கள்.

கொடுப்பதென்றால் நாலு பக்கமும், உள்ளே லேபலையும், சாவிகளையும், பிரிட்ஜைப் பக்கவாட்டிலும் அவருக்கு முன்னாலேயே படம் எடுங்கள். என்ன வேலை, என்ன பசை, எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொலிஷ் அடிக்க வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள், பழைய கிற்றாருக்குப் புதிதாக லக்கர் அடித்தால் விலை பாதியாகக்கூட விழும். கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் திரும்பி வர வேண்டும் என்றும் எழுதுங்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்தில் முறையிடுவதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், இழுத்தடிக்கிறவர்கள் அந்தக் காலம் போகட்டும் என்றுதான் பார்ப்பார்கள். நாங்கள் படங்களோடும் வாட்ஸ்அப் செய்திகளோடும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அது முடியும் வரை பெயரைப் பகிரங்கமாகப் போடவில்லை.

கிற்றார் இப்போது கம்பி தளர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. கொழும்புக்காரர் புதிதாகப் பிரிட்ஜ் ஒன்று செய்து ஒட்டலாம் என்கிறார், திருகாணியை எடுக்கலாமா என்று நேரில் பார்த்துத்தான் சொல்வாராம், அதனால் நத்தாருக்கு முன் இரவு பஸ்ஸில் கொண்டுபோகப் போகிறோம். சிவப்பு லேபல் எஃப்ஜியின் பழைய சாவிகள் யாரிடமாவது சும்மா கிடந்தால், ஒன்றிரண்டு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.