மஞ்சத்தூளும் பஞ்சும் தின்னுட்டு மூணு வருசமா ஓடற எங்க ஆபீஸ் ஸ்கேனர்

எங்களுது ஈரோட்ல ஒரு சின்ன ஆபீஸுங்க. கணக்கெழுதறது, ஜிஎஸ்டி ரிட்டர்ன், இன்கம்டாக்ஸ், இவ்ளோதான் வேலை. நானு, கணக்குப் பாக்கற அக்கா ஒருத்தங்க, வெளிவேலைக்கு ஒரு தம்பி, ஆக மூணு பேர். பார்ட்டிங்கள்ல பாதிப்பேர் மஞ்சள் மண்டிக்காரங்க, மீதிப்பேர் தறி, ஜவுளி. இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, ஸ்கேனர் ரிவ்யூ போடறவங்க எல்லாம் புத்தம்புது ஏ4 பேப்பரா எடுத்து வெச்சு சர்ருனு ஓட விட்டுட்டு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துர்றாங்க, எங்க டேபிளுக்கு வர்ற காகிதம் அந்த ரகமே இல்ல. கம்பியில குத்தி வெச்ச பில்லு நடுவுல ஓட்டையோட வரும், கார்பன் காப்பி ரோஸ் கலர்ல வெங்காயத் தோலாட்டம் வரும், மண்டிச் சீட்டை உதறினா மஞ்சத்தூள் கொட்டும், தறிக்காரர் பையைப் பிரிச்சா பஞ்சு பறக்கும். இத்தனையும் தின்னுட்டு ஒரு மெஷின் மூணு வருசமா உசுரோட இருக்குதுன்னா அதைப் பத்தி எழுதலாம்ல.

கம்பெனி பேரு வேண்டாம்ங்க, குறையும் சொல்லப் போறேன், அதுவுமில்லாம மேல்மாடி ஆபீஸ்ல வேற கம்பெனி மெஷின் இருக்குது, அங்கயும் பெரும்பாலும் இதே கதைதான். மேல தாளை அடுக்கி வெச்சா ஒவ்வொண்ணா இழுத்து ரெண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்துல எடுத்துக்கற டைப்பு. ஒரு தடவைக்கு 50 தாள் வைக்கலாம், நிமிஷத்துக்கு 30 தாள்னு பெட்டி மேல போட்டிருந்தாங்க. யூஎஸ்பி வயரு மட்டுந்தான், வைஃபை இல்ல. 30 ஆயிரத்தை ஒட்டி ஆச்சு.

அதுக்கு முன்னாடி செல்போன்ல போட்டோ புடிச்சுட்டு இருந்தோம். கேம்ஸ்கேனர் வெச்சிருந்தோம், 2020 ஜூன்ல 59 சீன ஆப்பைத் தடை பண்ணினப்ப அதுவும் போயிருச்சு, அப்பறம் வேற ஆப்பு. பத்துப் பில்லுக்குப் பரவால்ல. இருநூறு பில்லை குனிஞ்சு குனிஞ்சு புடிச்சா கழுத்து போயிரும், நம்ம தலை நிழலும் பாதிப் பில்லுல விழுந்திருக்கும். நெறைய இருந்தா ஜெராக்ஸ் கடைக்குக் குடுத்தனுப்புவோம். ஒரு நாள் அங்க நின்னுட்டு இருக்கறப்ப கடைக் கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பை எட்டிப் பாத்தேன், ஆதாரு, பான் கார்டு, பேங்க் பாஸ்புக்கு, யார் யாருதோ வரிசையா கெடக்குது, அதுல எங்க பார்ட்டி ரெண்டு பேருதும் இருக்குது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கடன் ஆனாலும் சொந்தமா ஒண்ணு வாங்கிறதுன்னு.

வேகத்தைப் பாத்து வாங்காதீங்கன்னுதான் மொதல்ல சொல்லுவேன். நிமிஷத்துக்கு 30ங்கறது பொய்யில்ல, நல்ல தாளா இருந்தா ஓடுது. ஆனா ஒரு கட்டு பில்லு வந்தா அதுல இருக்கற ஸ்டேப்ளர் பின்னு, குண்டூசி, ரப்பர் பேண்டு எல்லாத்தையும் புடுங்கி, மடிச்ச காதை நிமித்தி, கிழிஞ்சதைத் தனியா எடுத்து வைக்கறதுக்கே அக்காவுக்கு முக்காமணி நேரம் ஆவும், மெஷின் ஓடறது அஞ்சு நிமிஷம். அப்பறம் பேர் வைக்கறதுக்கு அரைமணி நேரம். அப்ப 30 தாள் மெஷினுக்குப் பதிலா 60 தாள் மெஷின் வாங்கி டபுள் காசு குடுத்தா மிச்சமாவறது ரெண்டரை நிமிஷம்தான். ஒரே ஒரு பின்னை மறந்து உள்ள விட்டீங்கன்னா கண்ணாடியில கீறல் விழுந்துரும், அந்தக் கீறல் அதுக்கப்பறம் எடுக்கற ஒவ்வொரு பக்கத்துலயும் வரும். எங்களுக்கு இது வரைக்கும் அந்தக் கொடுமை நடக்கல, அதுக்குக் காரணம் அக்கா மட்டுந்தான்.

இப்ப கோடு விஷயம். வாங்கி ரெண்டே மாசத்துல பக்கத்துக்கு நடுவுல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு வர ஆரம்பிச்சுது. மெஷின் போச்சுன்னே நெனச்சேன். சமாச்சாரம் என்னன்னா, இந்த மாதிரி மெஷின்ல கேமரா மாதிரி வேலை செய்யற சென்சார் பட்டை ஒரே எடத்துல நிக்குது, தாள்தான் அதைத் தாண்டிப் போவுது, அதனால கண்ணாடி மேல கடுகளவு தூசி ஒட்டினாலும் அது தாள் பூரா ஒரு கோடாயிரும். மேல படுக்க வெச்சு எடுக்கற பழைய ஸ்கேனர்ல அதே தூசி ஒரு புள்ளியா மட்டும் தெரியும். எங்களுக்கு வந்தது மஞ்சத்தூள். மூடியைத் திறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, நூல் பிரியாத துணியில கண்ணாடியையும் ரோலரையும் தொடைச்சா துணி நல்லா மஞ்சளாயிருச்சு, கோடும் போயிருச்சு. இப்ப சனிக்கிழமை சாயங்காலம் ஆனா தொடைக்கறது தம்பியோட வேலை, பூஜை மாதிரி. தின்னரு, பெட்ரோல் எல்லாம் போட்டுத் தொடைக்காதீங்க, ரப்பர் கெட்டுரும்.

ரப்பர்னு சொன்னதும் ரோலர் கதையும் சொல்லிர்றேன். மேல ஒரு ரோலர் தாளை இழுக்கும், எதுத்தாப்புல இன்னொண்ணு ரெண்டாவது தாளைப் போக விடாம புடிச்சு வைக்கும். இந்த ரெண்டு ரப்பரும் சொரசொரப்பா இருக்கற வரைக்கும்தான் வண்டி ஓடும், பஞ்சும் தூளும் ஏறி வழவழன்னு ஆயிருச்சுன்னா ஒண்ணு தாளே போகாது, இல்லன்னா மூணு தாள் சேந்து போவும். கார்பன் காப்பி மெல்லிசுங்கறதால ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டே போவும். இதைக் கண்டுபுடிக்க உள்ள ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் இருக்குது, காதுக்குக் கேக்காத சத்தத்தை தாள் வழியா அனுப்பி, நடுவுல காத்து இடைவெளி இருந்தா அந்தப் பக்கம் சத்தம் கொறையறதை வெச்சு ரெண்டு தாள்னு நிறுத்திரும். அருமையான ஐட்டம், இது இல்லாத மெஷினை கணக்கு ஆபீஸ்க்கு வாங்கவே கூடாது, ஒரு பில்லு விட்டுப் போனா யாருக்குத் தெரியும் சொல்லுங்க. ஆனா பில்லு மேல லாரி ரசீது ஒட்டி வெச்சிருந்தாலும் அதையும் ரெண்டு தாள்னு நெனச்சுக்கிட்டு கத்தும், அதுக்கு மட்டும் அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணி ஒத்தையா விடணும்.

ரோலர் தேஞ்சா மாத்தணும், பிரிண்டருக்கு டோனர் மாதிரிதான், இதை விக்கறப்ப எங்க கடைக்காரர் சொல்லவே இல்ல. ரெண்டாவது வருசம் சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணினா கோயமுத்தூர்லருந்து ஆள் வரணும்னாங்க, வர்றேன் வர்றேன்னு மூணு வாரம், அதுலயும் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20ம் தேதி 3பி ரிட்டர்ன் போட்டாகணும், நடுவுல மெஷின் படுத்துக்கிச்சு. கடைசியில ரோலர் செட்டை ஆன்லைன்ல வரவழைச்சு தம்பியே வீடியோ பாத்து மாத்திட்டான், பத்து நிமிஷ வேலை. மாத்தினதும் சாஃப்ட்வேர்ல இருக்கற தாள் கவுண்டரை ஜீரோ பண்ணணும், இல்லாட்டி ரோலர் மாத்து ரோலர் மாத்துன்னு நச்சரிச்சுட்டே இருக்கும். இப்ப ஒரு செட்டு எப்பவும் டிராயர்ல ரெடியா இருக்குது.

செட்டிங்ல நாங்க 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, தாண்டறதே இல்ல. 600 வெச்சா டபுள் இல்லீங்க, நாலு மடங்கு, நீளத்துலயும் டபுள் அகலத்துலயும் டபுள். ஒரு ஏ4 தாள் 300ல கலர்ல எடுத்தா சுருக்காம விட்டா 26 எம்பி வருது, 600னா நூறைத் தாண்டிரும், அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல ரெஜிஸ்ட்ரேஷனுக்கு போட்டோ 100 கேபிக்குள்ள கேக்கறாங்க. பில்லுக்கு கிரே, சீல் இருக்கறதுக்கு கலர். சுத்தக் கருப்பு வெள்ளை மட்டும் வேண்டாம், ரோஸ் கலர் காப்பி கரிச்சட்டி மாதிரி வந்துரும்.

இன்னொண்ணு, சைஸை ரொம்பக் கொறைக்கறேன்னு ஆட்டோ கம்ப்ரஷனை முழுசா ஏத்தி விடாதீங்க. 2013ல ஜெர்மனியில டேவிட் க்ரீசல்னு ஒருத்தர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனியோட பெரிய மெஷின்ல ஸ்கேன் பண்ணினா, மூணு ரூமோட அளவும் 14.13னே வந்திருக்குது, ஒரிஜினல்ல 14.13, 21.11, 17.42னு வேற வேற இருந்திருக்குது. அந்தக் கம்ப்ரஷன் ஒரே மாதிரி தெரியற எழுத்தையெல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு ஒரே அச்சை எல்லா எடத்துலயும் ஒட்டிருது, 6 போய் 8 ஆயிருது. மங்கலா இருந்தா நமக்கே சந்தேகம் வரும், இது பளிச்சுனு தப்பா இருக்கும். கணக்குத் தொழில்ல இருக்கறவனுக்கு இதைப் படிச்சா தூக்கம் வருமா? படிச்ச அன்னைக்கே சாதா ஜேபெக்குக்கு மாத்திட்டேன்.

வெத்துப் பக்கத்தைத் தானா நீக்கற வசதியும் அப்படித்தான். ஒரு சைடு பில்லுக்குப் பின்பக்கம் வேண்டாமேன்னு ஆன் பண்ணி வெச்சிருந்தோம். ஒரு மண்டிக்காரர் பில்லுக்குப் பின்னாடி பென்சில்ல சின்னதா "3 மூட்டை ரிட்டன்"னு எழுதி வெச்சிருந்தாரு, மெஷின் அதை வெத்துப் பக்கம்னு தூக்கிப் போட்டிருச்சு, வருசக் கணக்கு முடிக்கறப்ப ஸ்டாக்கு இடிச்சு ரெண்டு நாள் தேடினோம். இப்ப ஆஃப். வெள்ளைப் பக்கம் வந்தா வந்துட்டுப் போவுது.

எழுத்தைப் படிக்கற வசதி, அதாங்க ஓசிஆர், இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பில்லுக்கு நல்லாவே வேலை செய்யுது. பார்ட்டி பேரைத் தேடினா பிடிஎஃப் உள்ளருந்து எடுத்துக் குடுக்குது, இந்த ஒண்ணுக்கே குடுத்த காசு வந்துருச்சு. ஆனா ஜிஎஸ்டி நம்பரை மட்டும் நம்பி காப்பி பண்ணாதீங்க, 15 எழுத்து, நம்ம ஸ்டேட்னா 33ல ஆரம்பிக்கும், நடுவுல பான் நம்பர், கடைசிக்கு முன்னாடி பெரும்பாலும் இசட்டு, அந்த இசட்டை 2ன்னு படிக்கும், ஓவை ஜீரோன்னு படிக்கும். தமிழுக்கு மெஷினோட வந்த சாஃப்ட்வேர் லாயக்கில்ல. கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல தெறந்தா அச்சடிச்ச தமிழ் ஓரளவுக்கு வருது. 1978ல எழுத்தை மாத்தினாங்கல்ல, அதுக்கு முந்தி அச்சான, யானைத் தும்பிக்கையாட்டம் சுழிச்ச பழைய "லை", "ணை" எல்லாம் வந்தா அங்கங்க ஒளறும். கையெழுத்துச் சீட்டுக்கு ஆசையே படக்கூடாது.

பெட்ரோல் பங்க், ஓட்டல் பில்லெல்லாம் வந்த அன்னைக்கே எடுத்துருங்க, அந்த தெர்மல் பேப்பர் சூட்டுலயும் வெளிச்சத்துலயும் வெளுத்துரும், பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வெச்சா இன்னும் சீக்கிரம் வெளுக்கும். சுருண்டு சுருண்டு மாட்டும், அதுக்குன்னு கண்ணாடியாட்டம் தெரியற ஒரு பிளாஸ்டிக் உறை குடுத்திருக்காங்க, அதுக்குள்ள வெச்சு விடணும்.

ஆனா பத்திரத்தை மட்டும் இதுல விட்டுறாதீங்க சாமி. எங்க அப்பாரு, அதாங்க தாத்தா, வாங்கின தோட்டத்து மூலப் பத்திரம், நூல் போட்டுத் தைச்சது, மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. அப்பா "இதையும் ஒரு காப்பி போட்டு வெச்சுருடா"ன்னு குடுத்தாரு. நான் பெரிய புத்திசாலியாட்டம் நூலைப் பிரிச்சு ஒவ்வொண்ணா விட்டேன், மூணாவது தாள் மடிப்புல ரோலர் புடிச்சு ரெண்டாக் கிழிச்சுருச்சு. எழுத்து போவல, சாட்சிக் கையெழுத்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குது. அப்பா திட்டவே இல்ல, கிழிஞ்ச தாளை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருந்தாரு, அதுக்கு நாலு அடி அடிச்சிருக்கலாம். வில்லங்கம், பட்டா எல்லாம் இப்ப ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், பதிவான பத்திரத்துக்கு நகலும் கேட்டு வாங்கலாம், ஆனா அப்பாரு கைநாட்டு வெச்ச தாள் திரும்ப வராதுங்க. அப்பருந்து தைச்சது, நைஞ்சது, பழைய முத்திரைத்தாள் எல்லாத்துக்கும் மூலையில கெடக்கற பழைய பிரிண்டரோட மேல்கண்ணாடிதான். மெதுவா எடுக்கும், எடுக்கட்டும்.

கரண்டு போனா பிரச்சனை இல்ல, லேசர் பிரிண்டர் மாதிரி சூடு பண்ற சமாச்சாரம் உள்ள இல்லாததால இன்வெர்ட்டர்லயே ஓடுது. டஸ்ட் கவர் தனியா வாங்கல, பழைய தலகாணி உறையைப் போட்டு மூடறோம்.

பார்ட்டிங்க அடிக்கடி கேக்கறது, "அண்ணா, அதான் ஸ்கேன் பண்ணியாச்சுல்ல, பில்லெல்லாம் எடைக்குப் போட்டுறலாமா?" கூடாதுங்க. ஜிஎஸ்டி சட்டப்படி வருசாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலருந்து 72 மாசம் கணக்கு வழக்கை வெச்சிருக்கணும், நான் ஒரிஜினலையும் அட்டைப்பெட்டியில கட்டி வெச்சுக்கங்கன்னுதான் சொல்றேன். ஸ்கேன் காப்பி தேடறதுக்கு, பெட்டி ஆபீசர் வந்தா காட்டறதுக்கு. பைலுக்குப் பேர் வைக்கறதையும் மொத நாள்லயே ஒழுங்கு பண்ணிக்கங்க, நாங்க மொத ஆறு மாசம் ஸ்கேன்0001, ஸ்கேன்0002ன்னு விட்டுட்டு அப்பறம் ஒரு தீபாவளி லீவு பூரா உக்காந்து மாத்தினோம். இப்ப வருசம், மாசம், பார்ட்டி, பில் நம்பர்ங்கற வரிசையில வைக்கறோம், வருசம் முன்னாடி இருந்தா தானா வரிசையா நிக்கும்.

திரும்ப வாங்கினா இதே மாதிரிதான் வாங்குவேன், ஆனா மேல கண்ணாடியும் சேந்து வர்ற மாடலா பாப்பேன், ரோலர் செட்டு விலையையும் மெஷின் வாங்கறப்பவே கேட்டுக்குவேன். அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். செட்டிங்ல ஏதாவது சந்தேகம்னா கேளுங்க, சொல்றேன், 20ம் தேதி தாண்டட்டும்.