பல் இடுக்கைத் துலக்க எது தகுந்தது: நூலா, சிறு பிரஷ்ஷா, நீர்ப் பீச்சலா?

ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்கும் ஐந்து பரப்புகள் உண்டு. கன்னத்தை நோக்கியது ஒன்று, நாக்கை நோக்கியது ஒன்று, மெல்லுகிற மேற்பரப்பு ஒன்று, அண்டைப் பற்களை ஒட்டி நிற்கும் பக்கங்கள் இரண்டு. டூத் பிரஷ்ஷை எவ்வளவு பொறுமையாகப் பிடித்துத் தேய்த்தாலும் அது நன்றாக எட்டுவது முதல் மூன்றைத்தான். பெரியவர்களின் ஈறு நோயோ பெரும்பாலும் எஞ்சிய அந்தப் பக்கங்கள் அண்டைப் பல்லைச் சந்திக்கும் இடுக்கில்தான் தொடங்குகிறது. அந்த இடத்துக்கென மூன்று கருவிகள் விற்பனையில் இருக்கின்றன: ஃப்ளாஸ் எனப்படும் பல் நூல், மெல்லிய கம்பியைச் சுற்றி இழைகள் நிற்கும் இடைப்பல் பிரஷ், நீரை விட்டுவிட்டுப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசர்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன், இடுக்கிலிருந்து எதை அகற்ற வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். சிக்கிய உணவுத் துணுக்கு நமக்குத் தெரிகிறது, உறுத்துகிறது. ஆனால் ஈற்றைக் கெடுப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத பற்படலம், அதாவது பல்லின் மேல் பசைபோல் ஒட்டி வளரும் நுண்ணுயிர்க் கூட்டம். ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் நடத்தி 1965-இல் வெளியிட்ட சோதனையில், நல்ல ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஆகவே, துணுக்கை வெளியேற்றுகிறதா என்பதைவிட, படலத்தை உரசிக் கலைக்கிறதா என்பதே ஒரு கருவியை மதிப்பிடும் முதல் கேள்வி.

மூன்றில் மூத்தது நூல். நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி, மெழுகிட்ட பட்டு நூலால் பல் இடுக்கைத் துலக்கும்படி 1819-இலேயே எழுதினார். இரு பற்கள் இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நுழைய இன்றளவும் நூலைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அதன் குறை கையாளும் விதத்தில் இருக்கிறது. நூலைப் பல்லின் பக்கவாட்டில் அணைத்து வளைத்து, ஈற்றின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கிச் சில முறை உரச வேண்டும். வெறுமனே உள்ளே இறக்கி வெளியே இழுத்தால் துணுக்கு வரும், படலம் அப்படியே இருக்கும். இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. பயிற்சி பெற்றவர்கள் பள்ளி நாள்தோறும் குழந்தைகளுக்கு நூலிட்டுவிட்டபோது, 1.7 ஆண்டுகளில் இடுக்குச் சொத்தை நேரும் அபாயம் 40 விழுக்காடு குறைந்தது. வளரிளம் பருவத்தினர் தாமே நூலிட்டுக்கொண்ட ஆய்வுகளில் அந்தப் பயன் தென்படவில்லை. நூலின் மேல் பழி போடுவதற்கு இது போதாது. ஆனால் வீட்டில் நாமே, கண்ணாடி முன் நின்று, தூக்கக் கலக்கத்தில் செய்யும் வேலைக்கு எளிய கருவி உண்டா என்று தேட இது நியாயமான காரணம்.

இடைப்பல் பிரஷ் அந்தத் தேவைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஈறு சற்று இறங்கிய இடங்களில் வெளிப்படும் வேர்ப்பகுதி பெரும்பாலும் தட்டையாக இருப்பதில்லை; நடுவில் குழிவாக இருக்கும். இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழிவின் மேல் பாலம்போல் தாண்டிப் போய்விடும், பிரஷ்ஷின் இழைகளோ அதற்குள் இறங்கித் துலக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2019-இல் 35 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு, டூத் பிரஷ்ஷோடு நூலையோ இடைப்பல் பிரஷ்ஷையோ சேர்ப்பது ஈறு அழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும், நூலைவிடப் பிரஷ் கூடுதல் பயன் தரக்கூடும் என்றும் கூறியது. சான்றுகளின் உறுதி குறைவு என்று அதே மதிப்பாய்வு எச்சரித்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். வேரின் வடிவத்தையும் கையின் எளிமையையும் சேர்த்துப் பார்க்கும்போது, பிரஷ் நுழையும் இடத்திலெல்லாம் பிரஷ்ஷே முதல் தேர்வு என்பது என் முடிவு.

நுழையும் இடத்தில் மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இழைகள் இருபுறமும் லேசாக உரச வேண்டும், நடுக்கம்பி பல்லைத் தொடக்கூடாது. தள்ளித்தான் புகுத்த முடிகிறது என்றால் அந்த அளவு அந்த இடுக்குக்கு உரியதன்று. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படுவது சாதாரணம். ஈறு முக்கோணமாக இடுக்கை முழுதும் நிரப்பியிருக்கும் இளம் வயதினரின் முன்பற்களில் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை, அங்கே நூல்தான்.

வாட்டர் ஃப்ளாசர் 1962-இல் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. தளர்ந்த துணுக்கை அது நன்றாகக் கழுவும், ஈற்றில் இரத்தம் கசிவதையும் குறைக்கும்; ஆனால் ஒட்டிய படலத்தை நீரின் விசையைவிட நேரடி உரசலே நம்பகமாகக் கலைக்கிறது. எனவே மற்ற இரண்டையும் கையாள முடிந்தவருக்கு இதை மூன்றாவதாகவே வைப்பேன். பல்லில் கிளிப் மாட்டியிருப்பவர், பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களோடு இணைத்த செயற்கைப் பல்) இம்பிளான்ட்டோ (தாடை எலும்பில் பொருத்திய செயற்கைப் பல்) வைத்திருப்பவர், மூட்டுவலியால் விரல் மடங்காதவர் ஆகியோருக்கு இந்த வரிசை மாறும். நூலை வளைக்க இயலாத கைக்கு இது பேருதவி. மவுத்வாஷை இந்தப் போட்டியில் சேர்க்கவே தேவையில்லை, அது எதையும் உரசுவதில்லை.

சொத்தையைப் பொறுத்தவரை மூன்றுமே துணைக் கருவிகள்தான். நுண்ணுயிர்கள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலத்தால் பல்லின் மேல் காரகாடித்தன்மை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. அதைத் தடுப்பதிலும், இழந்த தாதுக்களை மீட்பதிலும் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டுக்கு ஈடாக இவற்றில் எதுவும் இல்லை. பேஸ்ட்டில் ஃபுளோரைடு பத்து லட்சத்துக்கு 1,000 பங்காவது இருக்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நீரால் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. இடுக்கை முதலில் துலக்கிவிட்டுப் பிறகு பேஸ்ட்டால் துலக்கினால் ஃபுளோரைடு உள்ளே செல்லவும் வழி கிடைக்கும்.

எதைத் தொடங்கினாலும் முதல் சில நாட்களில் ஈற்றில் இரத்தம் கசியலாம். அதைக் கண்டு அஞ்சி நிறுத்துபவர்களே அதிகம். அழற்சி உள்ள ஈறுதான் கசிகிறது, தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரங்களில் அது பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் உள்ளே படலம் கல்போல் காரையாக இறுகியிருந்தால் மூன்று கருவிகளாலும் அதைப் பெயர்க்க முடியாது, பல் மருத்துவர் கருவியால் அதைச் சுரண்டியெடுக்கும் ஸ்கேலிங் ஒன்றே வழி. இடைப்பல் பிரஷ்ஷின் அளவையும் அங்கேயே ஒவ்வோர் இடுக்காகப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். சில வாரங்கள் கழித்து அதே பிரஷ் தளர்வாக இருப்பதாகத் தோன்றினால், பிரஷ் இடுக்கை அகலப்படுத்திவிட்டது என்று கலங்க வேண்டாம். வீங்கியிருந்த ஈறு வற்றியிருக்கிறது, அடுத்த பெரிய அளவுக்கு மாற வேண்டியதுதான்.