புரோகிராமிங் மின்னூல்: பூட்டு போட்டதா, பெயர் பொறித்ததா?

"அண்ணா, புத்தகத்துல இருக்கறத அப்படியே அடிச்சிருக்கேன், ஓட மாட்டேங்குது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். திரையின் இடப்பக்கம் மின்னூல், வலப்பக்கம் எடிட்டர். நாற்பது வரி பைத்தான். இப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று 27ஆம் வரியில் நின்றிருந்தது நிரல். உற்றுப் பார்த்தேன். ஒரு மாறியின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்' வரவேண்டிய இடத்தில் எண் 1 இருந்தது. அந்த மின்னூலின் எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரிக் குச்சிதான்.

"ஏம்மா கையால அடிச்ச? காப்பி பண்ணியிருக்கலாமே?"

"காப்பி பண்ண விடலண்ணா. பூட்டியிருக்கு."

காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அது. அதே புத்தகம் பூட்டு உடைக்கப்பட்டு டெலிகிராமில் சுற்றுகிறது; அதில் எத்தனை வரி வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். வாங்கியவருக்குக் கிடைத்தது, வாங்காதவருக்குக் கிடைத்ததைவிட மட்டமான பொருள். எனக்கு அன்று வந்த கோபம்தான் இந்த அலசல்.

மின்னூலைக் காப்பாற்ற இன்று பதிப்பகங்கள் எடுக்கும் வழிகள் சில உண்டு. கோப்பை யார், எந்தச் செயலியில் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் டிஆர்எம் என்ற பூட்டு, வாங்கியவர் பெயரைப் பக்கத்தில் அச்சிடும் வாட்டர்மார்க், எதுவுமே போடாமல் நம்பி விடுவது, சந்தா, கடைசியாக யாரும் பகிரலாம் என்ற திறந்த உரிமம். நாவலுக்கு எது பொருந்தும் என்பது வேறு பேச்சு. புரோகிராமிங் புத்தகம் ஒரு தடவை படித்துவிட்டு வைப்பதல்ல. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கும். தேடுவோம், நிரலை எடுத்து ஓட்டிப் பார்ப்போம், ஆபீஸ் கணினியில் ஒரு அத்தியாயமும் பஸ்ஸில் போனில் ஒரு அத்தியாயமும் படிப்போம், மூன்று வருடம் கழித்து ஒரே ஒரு பக்கத்துக்காகத் திரும்பி வருவோம். இந்த நாலும் நடக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

பூட்டு

நாலிலும் தோற்பது இதுதான். 2016இல் டேட்டாபேஸ் பற்றித் தடியான ஒரு மின்னூல் வாங்கினேன். விற்ற கடையின் செயலியில் மட்டும்தான் அது திறக்கும். அடுத்த வருடம் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். அந்தச் செயலி லினக்ஸுக்குக் கிடையாது. கடைக்கு எழுதினேன், இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இண்டெக்ஸ் பற்றிய அத்தியாயத்தில் மட்டும் நான் எழுதி வைத்த குறிப்புகள் ஐம்பதுக்கு மேல். சர்வர் வேலை செய்கிறவர்களுக்காக எழுதிய புத்தகத்தை, சர்வரில் ஓடும் அதே இயங்குதளத்தில் படிக்க முடியாது என்றால் யாருக்காக அதை விற்றார்கள்?

இது எனக்கு மட்டும் நடந்த கதையல்ல. 2009 ஜூலையில், விற்க உரிமை இல்லாத ஒருவர் பதிவேற்றியது என்று சொல்லி, ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்ப வந்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக எழுதிய குறிப்புகள் பயனற்றுப் போன ஒரு மாணவர் வழக்குப் போட்டார். அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, ஜூலையோடு வாங்கிய புத்தகங்கள் திறப்பது நின்றது. முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒரு வாசகர் ஓரத்தில் எழுதிய குறிப்புக்கு விலை போட்ட தருணம் அது. என் ஐம்பது குறிப்பை அந்தக் கணக்கில் வைத்து யோசித்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை.

2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. வாங்கினோம் என்று நாம் நினைப்பதும் உரிமம்தான் தந்தோம் என்று அவர்கள் சொல்வதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது அன்று பலருக்கு உறைத்தது.

புரோகிராமர்களுக்குப் பூட்டின் மேல் உள்ள கசப்புக்கு இன்னும் பழைய காரணம் ஒன்று உண்டு. 2001 ஜூலையில் டிமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர் லாஸ் வேகாஸில் டெஃப் கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்து, மின்னூல் பூட்டுகள் எவ்வளவு பலவீனமானவை என்று விளக்கிப் பேசினார். ஊருக்குத் திரும்பும் முன் எஃப்பிஐ அவரைக் கைது செய்தது. அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனம், அடோபியின் மின்னூல் பூட்டை நீக்கும் மென்பொருளை விற்றது என்பது வழக்கு. எதிர்ப்பு கிளம்பியதும் அடோபியே பின்வாங்கி, அவரை விடுவிக்கச் சொன்னது. 2002 டிசம்பரில் ஜூரி அந்த நிறுவனத்தைக் குற்றமற்றது என்று விடுவித்தது. நம்மைப் போல நிரல் எழுதும் ஒருவர், ஒரு மென்பொருளின் குறையைச் சொன்ன பயணத்திலேயே சிறைக்குப் போனார். அதை மறந்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேச எனக்கு முடியாது.

இந்தியாவில் 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கம்' என்ற அந்தச் சொல்லை வைத்ததற்காக நம் சட்டத்தைப் பாராட்டுகிறேன். அமெரிக்கச் சட்டம் பூட்டைத் தொட்டதையே குற்றமாகப் பார்த்து, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலக்குகளைப் பட்டியல் போடுகிறது.

பூட்டு கண்ணால் படிக்கிறவரை மட்டும் பாதிப்பதில்லை. கிண்டில் 2009இல் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், வேண்டாம் என்று நினைக்கும் பதிப்பகம் அதை அணைத்துவிடலாம் என்று அமேசான் விட்டுக்கொடுத்தது. திரைவாசிப்பானை நம்பி நிரல் எழுதும் பார்வையற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வேலை பற்றிய விஷயம்.

பக்கத்தின் அடியில் உங்கள் பெயர்

பிராக்மாட்டிக் புக்ஷெல்ஃப் பதிப்பகத்தின் பிடிஎஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இது இன்னாருக்காகவே தயாரிக்கப்பட்டது என்று வாங்கியவர் பெயரோடு ஒரு வரி இருக்கும். மேனிங் பதிப்பகமும் வாங்கியவரின் விவரத்தைப் பக்கத்தில் அச்சிடுகிறது. பூட்டு கிடையாது. எந்தக் கணினியிலும் திறக்கும், தேடலாம், காப்பி எடுக்கலாம், பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் பார்க்கும் வாசகர்கள் இரண்டு கட்சி. "என்னைத் திருடன்னு நினைச்சு முத்திரை குத்தறாங்க" என்பது ஒரு கட்சி. என் நண்பர் ஒருவர் இதனாலேயே இந்தப் பதிப்பகங்கள் பக்கம் போகமாட்டார். அவருடைய இன்னொரு பயம் இன்னும் நியாயமானது: லேப்டாப் திருடு போய், அந்தக் கோப்பு எங்கேயோ கசிந்து, பக்கத்துக்குப் பக்கம் தன் மெயில் முகவரி ஊர் முழுக்கச் சுற்றினால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயரும் ஆர்டர் எண்ணும் போதும், மெயில் முகவரியை அச்சிடத் தேவையில்லை என்று பதிப்பகங்களிடம் கேட்க வேண்டும்.

நான் இரண்டாவது கட்சி. சின்ன வயதில் நூலகத்தில் இல்லாத புத்தகம் யாரிடமாவது கிடைத்தால் முதல் பக்கத்தில் அவர் பெயர், ஊர், வாங்கிய தேதி எழுதியிருக்கும். அதைத் தொலைக்கவோ கிழிக்கவோ கை வராது. அடியில் என் பெயர் இருக்கும் பிடிஎஃப்பை வாட்ஸாப் குழுவில் தட்டிவிட எனக்குக் கை வராததும் அதேபோலத்தான். தம்பிக்கு ஒரு அத்தியாயம் காட்டுவேன். நூறு பேருக்கு அனுப்பமாட்டேன். பதிப்பகத்துக்குத் தேவையான அந்தத் தயக்கத்தை, என் வேலையைத் தடுக்காமலே அந்த ஒரு வரி உண்டாக்கிவிடுகிறது. அந்த வரியை அழிக்கத் தெரிந்தவர் அழித்துவிடுவார், உண்மைதான். பூட்டை உடைக்கத் தெரிந்தவரும் உடைத்துவிடுகிறார். உடைக்க ஒரே ஒருவர் போதும். அடைபட்டுக் கிடப்பவர்கள் வாங்கிய அத்தனை பேரும்.

ஒன்றுமே போடாமல்

பெயர்கூடப் போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நோ ஸ்டார்ச் பிரெஸ் தன் தளத்தில் அச்சுப் புத்தகம் வாங்கினால் பூட்டில்லாத மின்னூலையும் சேர்த்தே தருகிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது, எழுதுகிறவர்களே மின்னூல் வெளியிட்டு விற்கும் லீன்பப் தளம். பூட்டு இல்லை. குறைந்தபட்ச விலைக்கு மேல் எவ்வளவு தருவது என்பது வாசகர் விருப்பம். 60 நாளுக்குள் காரணம் சொல்லாமல் பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதாவது டவுன்லோட் செய்துவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு, கோப்பையும் வைத்துக்கொள்ள நினைத்தால் தடுக்க யாரும் இல்லை. 2010இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. விற்பனையில் 80 சதவீதம் எழுதியவருக்குப் போகிறது. வாசகர்கள் எல்லாரும் திருடர்கள் என்ற கணக்கு சரியென்றால் இந்தக் கடை முதல் வருடமே மூடியிருக்க வேண்டும். அறிபுனை நாவல்கள் வெளியிடும் டோர் 2012இல் பூட்டைக் கைவிட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அந்தப் பதிப்பகமே சொன்னது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. திறந்த பிடிஎஃப்பிலிருந்து பைத்தான் நிரலைக் காப்பி எடுத்துப் பாருங்கள். பல பிடிஎஃப் செயலிகளில் வரியின் முன்னால் இருக்கும் இடைவெளிகள் காணாமல் போகும். பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் இலக்கணம். நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்து வந்து ஒட்டும், உடனே எரர். இபப் என்ற மின்னூல் வடிவத்தில் இந்தத் தொல்லை குறைவு. நிரல்களைத் தனி ஜிப் கோப்பாகத் தருகிறார்களா என்று வாங்கும் முன் பாருங்கள். வாட்டர்மார்க் இருக்கிறதா என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

சந்தாவும் திறந்த உரிமமும்

சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரைலி பதிப்பகம் பல ஆண்டுகள் பூட்டில்லாத மின்னூல்களைத் தன் கடையில் விற்று வந்தது. 2017 ஜூனில் தனித்தனியாக விற்பதை நிறுத்தி, சந்தாப் பக்கம் நகர்ந்தது. பழைய வாசகர்களுக்கு அன்று வந்த வருத்தம் எனக்கும் வந்தது. கம்பெனி பணம் கட்டினால் சந்தா நல்லதுதான், ஆயிரக்கணக்கில் புத்தகம் கிடைக்கும். வேலை மாறினால் அலமாரியே போய்விடும்.

திறந்த உரிமம் வேறு உலகம். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவி பற்றிய 'புரோ கிட்' புத்தகத்தை ஏபிரெஸ் பதிப்பகம் அச்சில் விற்கிறது. அதே புத்தகம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது, அதனாலேயே பல மொழிகளில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தார்கள். தமிழில் கணியம் குழு வெளியிட்ட லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் நூல்களும் இதே வழிதான். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கி யாருக்கும் அனுப்பலாம். ஆங்கில வழியில் படிக்காத ஒரு பையன் கிராமத்துக் கல்லூரியில் உட்கார்ந்து டேட்டாபேஸ் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பூட்டும் வேண்டாம், பெயரும் வேண்டாம், இதுதான் வேண்டும். ஆனால் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒருவர் எழுதும் ஆழமான புத்தகத்துக்கு இதையே விதியாக்க நான் கேட்கமாட்டேன். அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அந்த இடத்தில் என் கை போவது பெயர் பொறித்த புத்தகத்துக்குத்தான்.

2013இல் வாங்கிய அப்படி ஒரு பிடிஎஃப் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடியில் என் பெயரும், இப்போது இல்லாத என் பழைய ஆபீஸ் மெயில் முகவரியும். லேப்டாப் நாலு மாறிவிட்டது. போன வாரம் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்காகத் திறந்தேன், திறந்தது. 2016இல் பூட்டோடு வாங்கியது கடையின் கணக்கில் வெறும் அட்டைப் படமாக நிற்கிறது.

அந்தப் பெண் அடுத்த புத்தகம் வாங்கும் முன் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இதுல காப்பி பண்ண விடுமா?" இருவரும் விற்பனைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தோம். பக்கங்கள் எத்தனை, எந்தப் பதிப்பு, எத்தனை நட்சத்திரம், எல்லாம் இருந்தது. பூட்டு உண்டா இல்லையா என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அதே புத்தகத்தைப் பதிப்பகத்தின் தளத்திலேயே தேடத் தொடங்கினார்.