இமைக்குள் ஒரு கிராம் தங்கம்

ஆரையம்பதி நண்பர் ஒருவர், தன் மச்சானுக்கு முக நரம்பில் பெரிய சுவானோமா, அதாவது நரம்பின் உறையில் வளரும் கட்டி, இருப்பது எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் தெரிந்ததாகச் சொல்லி, அதை அகற்றியபின் நாளாந்த வாழ்க்கை எப்படியிருக்கும் என்று கேட்டார். அது புற்றுநோயல்ல என்பதும், முகம் ஓரளவு நன்றாக அசையும்வரை பல வைத்தியர்கள் கத்தி வைக்காமல் கண்காணிக்கவே விரும்புவர் என்பதும் அவர் அறிந்தவையே.

எனக்கும் அதே கட்டிதான். அதை அகற்றியபோது கட்டியோடு நரம்பின் ஒரு பகுதியும் போனதால், காலின் கெண்டைப் பக்கத்து உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து இடைவெளியில் ஒட்டினார்கள். நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும் என்பதால், முகத்தில் முதல் அசைவைக் காணவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வகை ஒட்டில் எதிர்பார்க்கக்கூடிய மிகச் சிறந்த பலனே ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலின் 3ஆம் தரம் (முக அசைவை அளக்கும் இதில் 1 இயல்பானது, 6 முழு முடக்கம்). எனக்கு அது கிடைத்தது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போனதையும், இழைகள் தடம் மாறி வளர்ந்ததால் விருந்தில் சோறு மெல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவருக்குக் கண்ணடிப்பதையும் நான் பெரிதுபடுத்துவதில்லை.

மேலிமைக்குள் வைத்த தங்கத் தகடுதான் என்னை வியக்கவைத்தது, எரிச்சலூட்டுவதும் அதுவே. இமையைத் தூக்கும் தசைக்கு வேறு நரம்பு இருப்பதால் கண் திறப்பதில் குறையில்லை, மூடத்தான் வலுவில்லை. தூக்கும் தசை தளர்ந்ததும் தகட்டின் பாரம் இமையை இறக்கிவிடுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பே வெவ்வேறு எடைகளை இமைமேல் ஒட்டிப் பார்த்து, ஏறத்தாழ 1 கிராம் எடையுள்ள ஒன்றைத் தெரிவுசெய்தார்கள். மின்சாரமோ பராமரிப்போ வேண்டாத இத்தகைய எளிய ஏற்பாட்டைக் கண்டறிந்தவர்களைக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் அது புவியீர்ப்பை நம்பிய ஏற்பாடு. மல்லாந்து படுத்தால் பாரம் இமையைக் கீழே இறக்காமல் தலைப்பக்கமாக இழுக்க, கண் சற்றுத் திறந்தே கிடக்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, களிம்பு பூசி, இமையை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு உறங்க வேண்டியிருப்பதை, அந்தத் தகட்டை வைத்தவர்கள் ஒரு சொல்லாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மட்டக்களப்பில் நலமான கண்ணே வறண்டு கரிக்கும். என் கண்ணின் கதையைக் கேட்கவே வேண்டாம்.

நண்பரின் மச்சானுக்குக் கண் மூடாமற்போனால் தகட்டை வைத்துக்கொள்ளட்டும், கருவிழி காப்பாற்றப்படும். என்னிடம் மட்டும் அதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டாம். நேற்றிரவும் கச்சான் அடித்தது, எனக்குத் தூக்கமில்லை.