சூட்டில் எழாத ஆர்எக்ஸ்-8: சாமானை மாற்றிப் பார்ப்பதா, கம்ப்ரஷனைப் பார்ப்பதா?

காலையில் சாவியைத் திருப்பியதும் எழுந்துகொள்கிற மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காடி, பெட்ரோல் ஊற்ற நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், கோலாலம்பூரில் உங்களுக்கு இரண்டு விதமான யோசனை கிடைக்கும். பேட்டரி, பிளக், காயில், ஸ்டார்ட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போ, எங்கேயாவது சரியாகிவிடும் என்பது ஒன்று. எதையும் தொடாமல் முதலில், எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் வைத்திருக்கும் பொமனிடம் (மெக்கானிக்கிடம்) போ என்பது இன்னொன்று. என் காடிக்கு இந்தத் தொல்லை வந்தபோது நான் இரண்டாவது வழியில்தான் போனேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாமான் மாற்றும் வழியிலும் நியாயம் இருக்கிறது. இந்த ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் சுற்றும் முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், ஆக நான்கு பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் நான்கு காயில். இந்தக் காயில்கள் நீண்ட ஆயுள் உள்ளவை அல்ல, ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டியவை. பலவீனமான காயிலோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது, அது உருகி அடைக்கிறது, வெளியேற முடியாத சூடு எஞ்சினுக்கே திரும்புகிறது. அதனால் காயிலுக்குச் செலவழித்த காசு வீண் போகாது. பேட்டரியும் அப்படித்தான், நம் ஊர் வெயிலில் இரண்டு வருடம் தாண்டிய பேட்டரியை நம்பி எந்தச் சோதனையும் செய்ய முடியாது. பிளக் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள டிரெய்லிங் பிளக்கும் கீழே உள்ள லீடிங் பிளக்கும் ஒன்றல்ல. கம்பெனி பொருத்தும் என்ஜிகே பிளக்கில் லீடிங் ஆர்இ7சி-எல், டிரெய்லிங் ஆர்இ9பி-டி. ரோட்டரி பழக்கமில்லாத வொர்க்‌ஷாப்பில் இடம் மாறிப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பராமரிப்பு. நோய் எது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை.

செலவே இல்லாமல் செய்யக்கூடிய முதல் பிரிப்பு காதாலும் மூக்காலும் செய்வது. சூட்டில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, எர்த் வயர், ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். சுற்றும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்து, 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வேகமாகச் சுற்றியும் பிடிக்காமல், எக்ஸாஸ்டில் பச்சைப் பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சின் நனைந்துவிட்டது. காடியைப் போர்ச்சிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு உடனே அணைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு சுற்றினால் இன்ஜெக்டர்கள் நின்றுவிடும், உள்ளே இருக்கும் பெட்ரோல் வெளியேறும். காயில் சூட்டில் சோர்ந்துபோகிறது என்றால் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அல்ல, ஓடும்போதும் ஏற்றத்தில் மிதித்தால் திக்கும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஒரு முறை ஏறிப் பார்த்தால் போதும், ஒளித்துவைக்க முடியாது.

மிச்சம் இருப்பது நான்காவது வகை. குளிரில் கச்சிதமாக எழுகிறது, ஓடும்போது குறை ஒன்றும் இல்லை, சூட்டில் அணைத்துவிட்டுத் திருப்பினால் மட்டும் நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கிறது. என் காடி இந்த வகை. இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

ரோட்டரி எஞ்சினில் கம்ப்ரஷனைக் காப்பது ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கிற அபெக்ஸ் சீல்களும் பக்கவாட்டு சைடு சீல்களும். அவை தேய்ந்தால் அறையில் அமுங்கும் காற்று கசிகிறது. கசிவு என்பது நேரத்தைப் பொறுத்தது. ரோட்டர் மெதுவாகச் சுற்றினால் காற்றுக்குக் கசிய நிறைய நேரம், வேகமாகச் சுற்றினால் கசிவதற்குள் அமுங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருந்து இடைவெளிகளை ஓரளவு அடைக்கிறது. சூடான எஞ்சினில் அதே ஆயில் தண்ணீராகி ஓடிவிடுகிறது. உள்ளே இழுக்கப்படும் காற்றும் சூடேறி அடர்த்தி குறைகிறது. ஸ்டார்ட்டரின் செம்புச் சுருளுக்கும் சூட்டில் மின்தடை கூடுவதால் அதன் இழுவை குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் எதிராகத் திரும்புகின்றன. தேய்ந்த எஞ்சின் சூட்டில் மட்டும் அடம் பிடிப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போது சாமான் வழியில் போகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பின்னாளில் வந்த காடிகளின் வேகமான ஸ்டார்ட்டரை வாங்கிப் போடுகிறார். ரோட்டர் வேகமாகச் சுற்றுகிறது, கசிய நேரம் இல்லை, சூட்டிலும் காடி எழுந்துகொள்கிறது. சரியாகிவிட்டது என்கிறார். சீல் தேய்ந்தபடியே இருக்கிறது. எஞ்சின் தந்த ஒரே எச்சரிக்கையை அந்த ஸ்டார்ட்டர் மூடிவிட்டது. இனி அது குளிரிலும் எழாத நாள் வரும்வரை எதுவும் தெரியாது. அந்த ஸ்டார்ட்டரைப் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, நானே போட்டிருக்கிறேன். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு போட்டேன். வரிசைதான் முக்கியம்.

அந்த எழுத்து எப்படி வர வேண்டும் என்பதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜை பிளக் ஓட்டையில் திருகினால், ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். இரண்டு பக்கம் செத்திருந்தாலும் மூன்றாவது நன்றாக இருந்தால் ‘எஞ்சின் நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ரோட்டரி டெஸ்டர் மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும், கூடவே எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது என்பதையும் காட்டும். இந்த ஆர்பிஎம் இல்லாத அளவுக்கு அர்த்தமே கிடையாது. மாஸ்டாவின் கணக்கு 250 ஆர்பிஎம்முக்கு எழுதப்பட்டது. நல்ல எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ. குறைந்தபட்சம் 680, அதாவது 6.9 கிலோ. ஒரே ரோட்டரின் பக்கங்களுக்குள் 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்குள் 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. வேகமான ஸ்டார்ட்டரும் புது பேட்டரியும் 300 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றினால் தேய்ந்த எஞ்சினும் தேறிவிட்டதுபோல் எண் காட்டும். சோர்ந்த பேட்டரி 200இல் சுற்றினால் நல்ல எஞ்சினும் தோற்றுவிடும். அதனால் 250க்குத் திருத்திய எண்தான் எண். திருத்தாத தாளைக் கொடுத்தால், எத்தனை ஆர்பிஎம்மில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தாளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். நான் போன வொர்க்‌ஷாப் செந்தூல் பக்கம். காடியை உள்ளே விட்டதும் பொமன் அண்ணன் பானட்டைத் திறக்கவில்லை, “தம்பி, இன்னொரு சுத்து ஓட்டிட்டு வாங்க, ஃபேன் ஓடணும்” என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் பெட்ரோல் வராமல் நிறுத்திவிட்டு, லீடிங் பிளக்கைக் கழற்றி சென்ஸரைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லிச் சுற்றினார். அந்த நேரத்தில் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன் ரோட்டரில் சக், சக், சக் என்று ஒரே தாளம். பின் ரோட்டரில் தாளம் அதேதான், ஆனால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் மெத்தென்று விழுந்தது. திருத்திய எண்கள் முன்பக்கம் 7.6, 7.4, 7.4, பின்பக்கம் 7.1, 7.0, 6.9.

தேறியது, ஆனால் எல்லைக்கோட்டில் நின்று தேறியது. அதைவிட எனக்குப் பயன்பட்டது மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்ததுதான். ஒரு அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது, அது உடைந்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்கள் சேர்ந்து விழும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் சைடு சீல் மேல் சந்தேகம். மூன்றும் சேர்ந்து மெல்ல இறங்கினால் அது வயசு, பொதுவான தேய்மானம். எனக்குக் கிடைத்தது கடைசி வகை. அதனால்தான் எஞ்சினைத் திறக்காமல் நான்கு காயிலையும் வேகமான ஸ்டார்ட்டரையும் போட்டுவிட்டு, எஞ்சினுக்கென்று மாதாமாதம் தனியாகக் காசு ஒதுக்க ஆரம்பித்தேன். சூட்டில் இப்போது நன்றாக எழுகிறது. அது ஸ்டார்ட்டரின் வேலை என்பதும் எனக்குத் தெரியும்.

சோதனை வழியில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ரோட்டரி டெஸ்டர் எல்லா வொர்க்‌ஷாப்பிலும் இல்லை, தேடித்தான் போக வேண்டும், பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வருகிறவருக்கு ஒரு நாள் வேலை கெடும். பேட்டரி செத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறபோது அதை மாற்றாமல் சோதனைக்குப் போவதிலும் பொருள் இல்லை, எண் தப்பாகத்தான் வரும். அந்த ஒரு சாமானை மட்டும் முன்கூட்டியே மாற்றலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இன்னொன்றும் செய்துவிடுங்கள். பழைய வரிசைக் காடிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி 8 விநாடிக்குள் பிரேக்கை 20 தடவை மிதித்தால், ரோட்டர்கள் சுற்றும் தண்டைக் கவனிக்கிற எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் சென்ஸர் கணக்கை ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) புதிதாகக் கற்றுக்கொள்ளும். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

எண்கள் எல்லைக்குக் கீழே விழுந்திருந்தால் அடுத்த கேள்வி ஹாஃப்கட் எஞ்சினா (வெட்டி இறக்கிய பழைய காடியின் எஞ்சின்), இருக்கிற எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்கும் ரீபில்டா என்பது. இதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் எஞ்சின் விலை குறைவு, ஆனால் அதன் சீல்கள் உங்களுடையதைவிட நல்லவை என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். அதையும் இதே டெஸ்டரில் பார்க்காமல் வாங்குவது சூதாட்டம்தான். எஞ்சின் எண் மாறுவதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு வேலையும் சேரும், அதைச் செய்யாமல் விட்டால் விற்கும்போது கழுத்தைப் பிடிக்கும். ரீபில்டுக்கு எனக்குச் சொல்லப்பட்டது ஐந்து இலக்க வெள்ளி. ரோட்டர் சுற்றுகிற கூடான ஹவுசிங்கின் உள்பரப்பு தேறுமா இல்லையா என்பதைப் பொறுத்து அது எங்கேயும் போகலாம். நாளைக்கே கேட்டால் என் மனம் ரீபில்டின் பக்கம் போகும், ஆனால் அது அனுபவம் சொல்கிற பதில் இல்லை.

வாங்கப்போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 1308 சிசி, சாலை வரி குறைவு, விலையும் இறங்கிவிட்டது என்று நிறைய பேர் மனசு வைக்கிறார்கள். விற்பவர் காலையில் குளிர்ந்த காடியை எழுப்பிக் காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்து, பானட்டை மூடியபடியே பத்து பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு நீங்களே சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டரை மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் அதற்கு முன் எடுத்த கம்ப்ரஷன் தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தாள் இல்லாமல் புது ஸ்டார்ட்டர் மட்டும் இருக்கிற காடிக்கு, சோதனைக்குப் போய் வந்த பிறகுதான் முன்பணம் கொடுப்பேன்.

என் காடியை வருடத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில், அதே டெஸ்டரில் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். டெஸ்டருக்கு டெஸ்டர் எண் கொஞ்சம் மாறும் என்பதால் இடத்தை மாற்றப்போவதில்லை. பின் ரோட்டர் 6.5க்குக் கீழே போனால் எஞ்சினை இறக்கச் சொல்லிவிடுவேன், அதற்கு மேலே நிற்கும்வரை ஓட்டுவேன்.